பூர்வீகத்தைச் சொன்னீர்கள், கொள்கையைச் சொல்லவில்லை: செய்தி ஆசிரியர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

திருப்பூர், 2025 அக்டோபர் 27

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளையும் நாளிதழ்களையும் நடத்தும் ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கமுங்க.

நானும் என் வீட்டுக்காரரும் வேலம்பாளையத்தில் 16 மிஷின் போட்டுப் பவர்டேபிள் நடத்துகிறோம். ஏற்றுமதிக் கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியைக் கூலிக்குத் தைத்துத் தருகிற பட்டறைக்கு எங்கள் ஊரில் பவர்டேபிள் என்று பேர். காங்கேயம் பக்கத்தில் மானம் பார்த்த பூமி எங்களுடையது. மழை பொய்த்த ஒரு வருஷம் தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கென்று பஸ் ஏறித் திருப்பூர் வந்தேன். கைமடி, செக்கிங், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் பழகி, பிறகுதான் சொந்தமாக மிஷின் வாங்கினோம். இந்தத் தொழிலைத் தவிர எனக்கு வேறு சோலி தெரியாது.

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டு இன்றோடு இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த கோடைக்கான ஆர்டர் ஓடவேண்டிய நாட்கள் இவை. போன வருஷம் இதே மாதத்தில் ஒன்றரை ஷிப்ட் போட்டும் சரக்கை முடிக்க முடியவில்லை. இப்போது 16 மிஷினில் 9 மிஷின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறோம். தீபாவளி நோம்பிக்குப் போனசைப் பாதி கொடுத்தோம். மீதியைப் பொங்கலுக்குள் தருகிறேன் என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன். சத் பூஜைக்குப் பீகார் போன பையன்கள் மூன்று பேர் தினமும் போன் செய்து, "அக்கா, டிக்கெட் போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வரி போட்டது அமெரிக்கா, இவள் எதற்கு நமக்கு மடல் எழுதுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்கிறேன்.

2024 ஜூலையிலிருந்து நவம்பர் வரை எங்கள் பட்டறைச் சுவரில் இருக்கிற டிவியில் அமெரிக்கத் தேர்தல் ஓடிக்கொண்டே இருந்தது. கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த துளசேந்திரபுரம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். அங்கே தர்ம சாஸ்தா கோவிலில் நடந்த பூஜையைப் பார்த்தோம். அவருடைய அம்மா சியாமளா 19 வயதில், 1958-ல், தனியாக அமெரிக்கா போய்ப் படித்து மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்தவர் என்று கேட்டு, தையல்காரப் பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார்கள். என் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்கு முன்னால் விவேக் ராமசாமி நின்றபோது, அவருடைய பெற்றோர் ஊர் வடக்கஞ்சேரி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் என்று சொன்னீர்கள். டிரம்போடு துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜே.டி. வான்ஸ் மனைவியின் பூர்வீகம் ஆந்திரா என்றும் சொன்னீர்கள்.

அந்தச் செய்திகளில் எதையும் நான் குறை சொல்லவில்லை. அவற்றோடு நிறுத்திக்கொண்டதைத்தான் சொல்கிறேன். இந்த ஐந்து மாதத்தில், ஜெயித்து வந்தால் வெளிநாட்டுத் துணிக்கு இன்னார் இவ்வளவு வரி போடப்போகிறார், அது திருப்பூரில் ஒரு பீஸ் கூலியை எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்கிய ஒரு நிகழ்ச்சி என் கண்ணில் படவில்லை. நான் பார்க்காத நேரத்தில் ஒளிபரப்பி இருந்தால் மன்னியுங்கள். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை அந்த டிவிக்குக் கீழேதான் நாங்கள் இருந்தோம்.

டிரம்ப் எதையும் மறைத்துச் செய்யவில்லைங்க. இதுதான் எனக்குத் தாங்க முடியாத வெசனம். இந்த ஆகஸ்டில் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லி மெயில் வந்த வாரத்தில், பி.காம். படிக்கிற என் மகள் ஒரு காகிதக் கட்டோடு வந்தாள். 2024 ஜூலையில் டிரம்பின் குடியரசுக் கட்சி வெளியிட்ட தேர்தல் அறிக்கை. மொத்தமே 16 பக்கம்தான். கட்டிங் டேபிளில் விரித்து வைத்து ஒரு ராத்திரியில் எனக்கும் எங்கள் கட்டிங் மாஸ்டருக்கும் தமிழில் சொல்லி முடித்துவிட்டாள். வெளிநாட்டில் செய்த பொருள் எல்லாவற்றுக்கும் அடிப்படை வரி என்று அதில் இருக்கிறது. எந்த நாடு எங்களுக்கு எவ்வளவு போடுகிறதோ அதே அளவு நாங்களும் போடுவோம், அதற்கு 'டிரம்ப் பதிலடி வர்த்தகச் சட்டம்' கொண்டுவருவோம் என்றும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி பலகையைத் தூக்கிக் காட்டி அவர் அறிவித்த வரிக்கும் அதே 'பதிலடி' என்றுதான் பேர். ஒன்பது மாதம் முன்னாலேயே அச்சாகி, யாரும் எடுத்துப் படிக்கும்படி கிடந்த சொல் அது.

மேடையில் அவர் இன்னும் உடைத்துப் பேசியிருந்தார். எல்லா நாட்டுக்கும் 10 முதல் 20 சதவீதம், சீனாவுக்கு 60 சதவீதம் என்று எண்ணையே சொன்னார். 2024 செப்டம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் பேசும்போது, வரி போடுவதில் இந்தியா பெரிய அத்துமீறல் செய்கிறது என்று நம் நாட்டின் பேரைச் சொல்லியே பேசினார். அக்டோபரில் சிகாகோவில், அகராதியிலேயே அழகான சொல் இறக்குமதி வரிதான் என்றார். தேர்தல் மேடைகளில் அவர் சொன்ன கேலிப் பேச்சுக்கும் போட்ட ஆட்டத்துக்கும் நம் செய்திகளில் இடம் கிடைத்தது.

வேட்பாளரின் பின்னணியைச் சொல்லவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சொல்லவேண்டியது எந்தப் பின்னணி என்பதுதான் என் கேள்வி. டிரம்ப் 1946-ல் நியூயார்க்கில் பிறந்தவர், அப்பா கட்டட வியாபாரி, டிவி நிகழ்ச்சியால் பேர் வாங்கியவர். இது எல்லோருக்கும் தெரியும். 1987 செப்டம்பரில், அரசியல் பதவி எதிலும் இல்லாத காலத்தில், சொந்தக் காசில் மூன்று பெரிய செய்தித்தாள்களில் அவர் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஜப்பானும் மற்ற நாடுகளும் அமெரிக்காவை ஏய்த்துப் பிழைக்கின்றன, அந்தப் பணக்கார நாடுகளிடம் வசூல் செய்யுங்கள் என்பது அதன் சாரம். திருப்பூரில் ஏற்றுமதித் தொழில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் கிட்டத்தட்ட 40 வருஷமாக ஒரே பேச்சைப் பேசுகிறார் என்றால் அது ஓட்டுக்காகச் சொன்ன பேச்சு ஆகாது. முதல் ஆட்சியில் செய்தும் காட்டினார். 2018-ல் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி. 2019 ஜூன் 5-ஆம் தேதி வளரும் நாடுகளுக்கு அமெரிக்கா தரும் ஜி.எஸ்.பி. என்ற இறக்குமதி வரிச்சலுகை இந்தியாவுக்கு நீக்கம். ஹார்லி டேவிட்சன் பைக்குக்கு இந்தியா போடும் வரியைப் பற்றி அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பழைய கணக்கை ஒரு தரம் வரிசையாகக் காட்டியிருந்தால், 2024-ல் எங்கள் ஊரில் கடன் வாங்கிப் புது மிஷின் இறக்கியவர்களில் பத்துப் பேராவது யோசித்திருப்பார்கள். நாங்கள் அந்த நவம்பரில் இரண்டு பேட்லாக் மிஷின் வாங்கினோம். இப்போது துணி போர்த்தியிருக்கிற ஒன்பதில் அந்த இரண்டும் சேர்த்தி. தவணை நிற்கவில்லை.

கமலா ஹாரிஸ் ஜெயித்திருந்தால் நமக்கு விடிந்திருக்கும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அவர் சான் பிரான்சிஸ்கோவில் மாவட்ட அரசு வழக்கறிஞர், கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல், பிறகு செனட்டர், துணை அதிபர் என்று வந்தவர். தேர்தலில் அவர் முன்னால் வைத்தவை கருக்கலைப்பு உரிமை, பிள்ளை பெற்ற குடும்பத்துக்கு வரிச்சலுகை, முதல் வீடு வாங்குவோருக்கு 25,000 டாலர் வரை உதவி, பெரிய கம்பெனிகளுக்கு 28 சதவீத வருமான வரி. டிரம்ப் போடப்போகும் இறக்குமதி வரி அமெரிக்க மக்கள் தலையில் விழும் விற்பனை வரி என்று செப்டம்பர் விவாதத்தில் அவர் சொன்னது சரியான பேச்சு. ஆனால் 2020-ல் மெக்சிகோ, கனடாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட 10 செனட்டர்களில் அவரும் ஒருவர். அவர் துணை அதிபராக இருந்த ஆட்சி டிரம்ப் சீனாவுக்குப் போட்ட வரியை எடுக்கவில்லை. 2024 மே மாதம் சீன மின்சாரக் காருக்கு 100 சதவீதமாக ஏற்றியது. 2019-ல் நமக்கு நின்றுபோன சலுகையும் திரும்பி வரவில்லை. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்த பிள்ளை என்பதால் திருப்பூர் பனியனுக்கு ஒரு சதவீதமும் குறைந்திருக்காது. நம் சொந்தம் என்ற ஒன்றை மட்டும் காட்டியதால், அவர் வந்தால் நல்லது நடக்கும் என்று எங்கள் பட்டறையில் இருந்த 20 பேரும் எந்த ஆதாரமும் இல்லாமல் நம்பினோம்.

நம் ஊரில் குடியரசுத் தலைவர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர், மரியாதைக்கு உரியவர் என்று பழகிவிட்டோம். போன மாதம் எங்கள் திருப்பூரில் பிறந்த சி.பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவரானார். ஊரே மகிழ்ந்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் நம் நாட்டில் அந்தப் பதவியில் இருக்கிறவர் ஒரு பொருளுக்கு வரி ஏற்றவோ இறக்கவோ முடியாது. அமெரிக்க அதிபர் பதவி அப்படிப்பட்டது அல்ல. வரி போடும் அதிகாரத்தை அவர்கள் அரசியல் சாசனம் அங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. என்றாலும் 1977-ல் வந்த ஓர் அவசரகால அதிகாரச் சட்டத்தைக் காட்டி ஒரே ஒருத்தர் கையெழுத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது. 'அதிபர்' என்ற சொல்லைத் தினமும் நூறு தரம் சொல்கிற நீங்கள், அந்தப் பதவிக்கு என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பருத்தி டீ-சர்ட்டுக்கு அமெரிக்காவில் எப்போதும் இருக்கிற சுங்க வரி 16.5 சதவீதம். யார் அதிபராக இருந்தாலும் இருந்த வரி அது. இப்போது அதன் மேல் 50. மூன்று டாலர் விலை போட்ட ஒரு சட்டை அங்கே துறைமுகத்தைத் தாண்டும்போது ஐந்து டாலர் ஆகிறது. வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20 சதவீதம், அதனால் அவர்களுடைய மூன்று டாலர் சட்டை நான்கு டாலர் பத்து சென்ட்டில் உள்ளே போகிறது. வித்தியாசம் 90 சென்ட், நம் பணத்தில் 80 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பட்டறையில் அந்தச் சட்டைக்குக் கிடைக்கும் தையல் கூலி அந்த 80 ரூபாயில் கால்வாசிகூட இல்லை. நாங்கள் கூலியே வாங்காமல் தைத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. வரியைக் கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் பாதியை நீ தாங்கு என்று ஏற்றுமதிக் கம்பெனியிடம் சொல்கிறார், கம்பெனி எங்களிடம் பீஸுக்கு இத்தனை குறை என்கிறது, நான் யாரிடம் சொல்வேன்? திண்டுக்கல்லிலிருந்து வந்து, பிள்ளையை அம்மிச்சி வீட்டில் விட்டுவிட்டு, வாடகை அறையில் இருக்கிற டெய்லரிடமா?

ஏப்ரலில் அந்தப் பலகையைப் பார்த்தபோது எங்கள் ஊரில் பல பேருக்கு மகிழ்ச்சி என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நமக்கு 26, வங்கதேசத்துக்கு 37, வியட்நாமுக்கு 46, இலங்கைக்கு 44 என்று இருந்தது. இனி ஆர்டர் எல்லாம் இங்கேதான் என்று டீக்கடையில் பேச்சு. அது நிலைக்குமா, மற்ற நாடுகள் பேரம் பேசிக் குறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. ஆகஸ்டில் வங்கதேசமும் வியட்நாமும் இலங்கையும் 20-க்கு இறங்கின. நாம் 25-ல் நின்று, 27-ஆம் தேதி 50-க்குப் போனோம்.

அந்த இரண்டாவது 25 ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காகப் போட்டது. இது எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உக்ரைன் போரை 24 மணி நேரத்தில் நிறுத்துவேன் என்று தேர்தலில் சொன்னவர் அவர். போர் நிற்கவில்லை. ரஷ்யாவை நெருக்க வழி தேடியபோது அந்த நெருக்கடி எங்கள் தலையில் வந்து விழுந்தது. போர் பற்றி ஒரு வேட்பாளர் என்ன சொன்னார் என்பது வெளிநாட்டுச் செய்தி, பனியன் விலை உள்ளூர்ச் செய்தி என்று பிரித்து வைத்தால் இது யாருக்குமே புரியாது.

என் நாத்தனார் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவன். 2024 ஜூனில் ஒரு பேட்டியில் டிரம்ப், அங்கே படித்துப் பட்டம் வாங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தரவேண்டும் என்று சொன்னார். அதைக் கேட்டு அந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷம். போன மாதம் புது எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று உத்தரவு வந்தது. சொன்னதைச் செய்த இடமும் உண்டு, சொன்னதற்கு நேர் எதிராகச் செய்த இடமும் உண்டு. எதை நம்பிக் கடன் வாங்குவது, எதை நம்பக்கூடாது என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு ஆள் வேண்டும்.

கொங்கு நாடு முழுக்க இதே கதைதான். கரூர்க்காரர்கள் அமெரிக்க வீடுகளுக்கு மேஜை விரிப்பும் அடுப்படித் துண்டும் நெய்து அனுப்புகிறவர்கள். கோவையில் வார்ப்படமும் உதிரிபாகமும் செய்கிறவர்களுக்கு ஜூன் மாதமே இரும்பு, அலுமினிய வரி 50 சதவீதம் ஆகிவிட்டது. நாமக்கல் முட்டை முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதும் இந்த வருஷம்தான். முட்டை விலை அங்கே தேர்தல் மேடையிலேயே பேசப்பட்ட விஷயம், கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? திருப்பூரிலிருந்து வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குச் சரக்கு வெளிநாடு போகிறது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. ஓட்டுரிமை இல்லாத ஊர்தான். ஆனால் அந்தத் தேர்தல் முடிவால் அடுப்பு எரிவதும் அணைவதும் இங்கே நடக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. 2028-ல் மறுபடியும் அமெரிக்கத் தேர்தல் வரும். வேட்பாளர்கள் 2027-லேயே கிளம்பிவிடுவார்கள். அவர்களில் நம் வம்சாவளிக்காரர் யாராவது இருந்தால் ஊரையும் கோவிலையும் காட்டுங்கள், நாங்களும் பார்க்கிறோம். அதே வாரத்தில் அவர் வர்த்தகத்தில் முன்னால் எப்படி ஓட்டுப் போட்டார், போர் பற்றி என்ன சொல்கிறார், வேலை விசாவுக்கு என்ன செய்வார் என்று சொல்லுங்கள். விவாத மேடைக்குக் கட்சிக்காரர்களோடு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கிற ஒரு மெர்ச்சன்டைசரை, ஒரு நூல் மில் கணக்கரைக் கூப்பிடுங்கள். கட்சி அறிக்கை வெளியான அன்று அதை முழுசாகப் படித்துத் தமிழில் சொல்ல ஒரு ஆளை வையுங்கள். என் மகளுக்கு அது ஒரு ராத்திரி வேலையாகத்தான் இருந்தது. ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் எங்கள் துணிக்கு என்ன இருக்கிறது, அது எப்போது நடைமுறைக்கு வரும் என்று இப்போதே கேட்டுச் சொன்னாலும் புண்ணியம். அங்கே ஆர்டர் பிடிக்கலாமா என்று எங்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகள் அலைகின்றன.

உடனடியாக ஒன்று இருக்கிறது. அந்த 1977 சட்டத்தைக் காட்டி அதிபர் இப்படி வரி போடலாமா என்ற வழக்கில் கீழே இரண்டு நீதிமன்றங்கள் கூடாது என்று சொல்லிவிட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வருகிற நவம்பர் 5-ஆம் தேதி வாதம் கேட்கிறது. அங்கே காலை 10 மணி, நமக்கு இரவு எட்டரை. படம் வராது, வாதம் நேரலையாகக் குரலில் கேட்கும். அன்றைக்குச் சட்டமும் வர்த்தகமும் தெரிந்த ஒருவரை உங்கள் ஸ்டுடியோவில் உட்காரவைத்து, நீதிபதிகள் என்ன கேட்கிறார்கள், அதற்கு என்ன பதில் வருகிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஓடுகிற 7 மிஷினையும் நாங்கள் எட்டரைக்கு நிறுத்திவிடுவோம். ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல் டிவி முன்னால் இருப்பார்கள் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
வேலம்பாளையத்துப் பவர்டேபிளிலிருந்து ஒரு தையல்காரி